அண்ணி படுத்துப் போக ஒரு கார்

நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பழைய ரங்கூனான யாங்கோனில் எல்லோரும் என்னைப் போலவே நடுங்கிக்கொண்டு அலைகிறார்கள் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். அங்கே காலையில் பூ விற்கிறார்கள். சாயங்காலம் பிரம்புப் பந்தைக் காலால் தட்டி விளையாடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் வரும் நடுக்கத்தில் பாதிதான் அந்த ஊருடையது. மீதியை நான் திருச்சியிலிருந்தே கொண்டுபோனேன்.

போன காரணம் ஒரு கார். வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் என்னிடம் ஒரு பெரிய அமெரிக்கக் கார் இருந்தது. கம்பெனி அதிகாரி ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. நம் தெருக்களில் திருப்பவே முடியாத நீளம், கட்டில் போலப் பின் சீட்டு. அறையில் என்னோடு தங்கியிருந்தவர் மாணிக்கம் அண்ணன், யாங்கோன் தமிழர். ஒருமுறை அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் போனபோது அந்தப் பின் சீட்டில் கிடத்தித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். போய்க் கதவைத் திறந்தால் மனிதர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அவர் அதை மறக்கவில்லை. இப்போது அவருடைய மனைவி கமலா அண்ணிக்கு முதுகுத் தண்டில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மழைநாளில் மாடிப்படியில் வழுக்கி விழுந்திருக்கிறார். வீடு இருப்பது தன்லினில், ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். டாக்டர் இருப்பது நகருக்குள். அண்ணனுடைய சின்ன ஜப்பான் காரில் அண்ணியால் படுக்க முடியாது, உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வேனிலும் போய்ப் பார்த்தாயிற்று, அது அதைவிட மோசமாகத் தூக்கிப் போட்டதாம். இனிமேல் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேன் என்று படுத்துவிட்டார். இடது கால் மரத்துக்கொண்டு வருகிறது, வந்து காட்டாவிட்டால் நடை போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"உன் மோட்டாரு மாதிரியே ஒண்ணு இங்க விலைக்கு நிக்குது தம்பி. எனக்கு அதுல நல்லது கெட்டது தெரியாது. நீ வந்து பாத்துச் சொல்லு" என்றார் அண்ணன் போனில்.

"டிவியில ராணுவம் அது இதுன்னு என்னென்னமோ காட்டறான், அங்கயா போறீங்க?" என்றாள் என் மனைவி. அவள் சொல்வதுதான் சரி என்று எனக்கும் பட்டது. ஆனால் அண்ணன் அதற்கு முன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

விமான நிலையத்துக்கு அண்ணன் தன் சின்னக் காரோடு வந்திருந்தார். ஏறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "போன்ல என்னல்லாம் வச்சிருக்க?" செய்திகள், யாராவது அனுப்பிய வீடியோக்கள், எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னார். வழியில் சிப்பாய்கள் வாங்கிப் பார்ப்பார்கள் என்றார். பதற்றத்தில் பேத்தியின் பிறந்தநாள் படங்களையும் சேர்த்து அழித்துவிட்டேன். பிறகு அவர் இன்னும் சில விதிகள் சொன்னார். சீருடைக்காரர்களைப் படம் எடுக்காதே. டீக்கடையில் ஊர் நிலவரம் விசாரிக்காதே. யாரிடமும் பெயர் கேட்காதே.

அப்புறம்தான் சாலையைப் பார்த்தேன். மியான்மரில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகின்றன. ஆனால் பெரும்பாலான கார்கள் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்கள். அவற்றுக்கு நம் ஊர் போலவே வலது பக்கம்தான் ஸ்டீயரிங். ஆகவே ஓட்டுகிறவர் நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். நடுச்சாலையில், எதிரே வரும் பஸ்ஸின் மூக்குக்கு நேராக உட்கார்ந்திருப்பவர் பக்கத்து சீட்டுக்காரர். அதாவது நான்.

முன்னால் ஒரு லாரி போனால் ஓட்டுகிறவருக்கு அதைத் தாண்டி எதுவும் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். வழி இருந்தால் "யாடே", போகலாம். வண்டி வந்தால் "மயாபூ", முடியாது. அங்கே சின்னப் பிள்ளைகள்கூட முன் சீட்டில் ஏறியதும் இந்த வேலையை எடுத்துக்கொள்கிறார்கள். இதை அண்ணன் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் வந்துவிட்டது.

"வருதா பாரு தம்பி."

நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். சாலை காலியாக இருந்தது. இப்போதுதான் கற்றுக்கொண்ட பர்மியச் சொல் வாய்க்குள் வராமல் மாட்டிக்கொண்டது. பிறந்ததிலிருந்து நம் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் சொல்லிக் கேட்ட சொல்தான் வந்தது.

"போலாம், ரைட். ரைட்."

அண்ணன் யாங்கோனில் பிறந்தவர். தமிழ்நாட்டு பஸ்ஸில் கால் வைத்ததே இல்லை. ரைட் என்றதும் சட்டென்று வலது பக்கம் ஒடித்தார். கார் நடைபாதைக் கல்லில் மோதி ஏறி, மரத்தடியில் தண்ணீர்ப் பானைகள் வைத்திருந்த மேடைக்குச் சற்று முன்னால் நின்றது. பானையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த ஒரு பெண் டம்ளரும் கையுமாக எங்களைப் பார்த்தாள்.

"ரைட்டுன்னியே!" என்றார் அண்ணன்.

"ரைட்டுன்னா போலாம்னு அர்த்தம் அண்ணே."

"இது எந்த ஊருத் தமிழு? ரைட்டுன்னா எதிர்ல எமன் வர்றான், வலது பக்கம் ஒதுங்குன்னு நெனச்சேன்."

மீதி வழியெல்லாம் அவர் எந்த வண்டியையும் முந்தவில்லை.

எனக்கு அறை போட்டிருந்தது நகருக்குள், லான்மடா பகுதியில். வெளியூர் ஆளை வீட்டில் தங்கவைத்தால் வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்கு விடுதியே மேல் என்று அண்ணன் முடிவு செய்திருந்தார். மறுநாள் காலையில் தெருமுனையில் மொஹிங்கா சாப்பிட்டேன். மீன் குழம்பில் சேமியா போட்டது போல என்று சொன்னால் பர்மாக்காரர்கள் அடிக்க வருவார்கள், ஆனால் எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. உள்ளே வாழைத்தண்டும் மேலே பொரித்த பருப்பும் போடுகிறார்கள். இரண்டாவது கிண்ணமும் வாங்கினேன். பக்கத்துக் கடையில் தோசைக்குப் பெயர் தோஷே. உள்ளே அவித்த பட்டாணி வைத்து மடித்துக் கொடுக்கிறார்கள். சென்னை பர்மா பஜார் பக்கம் நாம் அத்தோ என்று ஒன்றைச் சாப்பிடுகிறோமே, அதைக் கேட்டேன். கடைக்காரருக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அந்த நேரத்தில் மின்சாரம் போய், கடை வாசலில் இருந்த ஜெனரேட்டர் படபடவென்று வெடித்துக் கிளம்பியது. நான் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டேன். வேறு யாரும் தலையைக்கூடத் திருப்பவில்லை.

காரின் உரிமையாளர் காசிம் நானா, அண்ணனை அவர்கள் நானா என்பார்கள். லான்மடாவிலேயே பம்பு சாமான்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். அவருடைய பாட்டனார் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து போனவராம். "வாங்க, இரிங்க" என்று டீ வரவழைத்தார். கார் கடைக்குப் பக்கத்தில் இல்லை. போட்டாதாங்கில், படகுத்துறைக்கு எதிரே ஒரு கிடங்கில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். கிடங்கின் கதவை உள்ளே போனதும் சாத்தித் தாழ் போட்டுவிட்டுத்தான் தார்ப்பாயை இழுத்தார். ஒரு காரைக் காட்ட ஏன் இவ்வளவு மறைவு என்று எனக்கு அப்போதே பயம் வந்தது.

கறுப்பு. கண்ணாடிகளில் கறுப்புப் படலம் வேறு. நான் வைத்திருந்த அதே ரகம், அதைவிடச் சில வருடம் புதியது. பார்த்ததும் என் பழைய காரைப் பார்த்த சந்தோஷம் ஒரு நிமிடம் பயத்தை அமுக்கிவிட்டது.

இந்த ரகம் வாங்க நினைக்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பளபளப்பைப் பார்க்காதீர்கள். முதலில் கியர் ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பாருங்கள், கருகிய வாசனை வந்தால் அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம். என்ஜின் கெட்டி, எளிதில் சாகாது. ஆனால் தண்ணீர் ஓடும் பிளாஸ்டிக் குழாய் மூட்டுகள் வெயிலில் வெடிக்கும். ஆற்றங்கரை ஊரில் வாங்குவதென்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற காராக இருந்தால் கம்பளத்தைத் துவைத்துவிடுவார்கள், பெல்ட்டின் உள் நுனியில் சேறு நிற்கும். முன் சக்கர மூட்டுகள் தேயும், திருப்பும்போது கிரீச்சென்று அழும். பெட்ரோல் குடிப்பதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

எல்லாம் பார்த்தேன். பெல்ட்டில் சேறு இல்லை. கடைசியாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நானே பின் சீட்டில் படுத்தேன். முழங்காலைக் கொஞ்சம் மடக்க வேண்டியிருந்தது, அண்ணி என்னைவிடக் குள்ளம். அண்ணனிடம் காரைக் கிடங்குக்குள்ளேயே மேடு பள்ளத்தில் ஏற்றி இறக்கச் சொன்னேன். தொட்டில் ஆட்டியது போல இருந்தது.

"நல்ல காராத்தான் இருக்கு. ஏன் நானா விக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அவர் தாழ்ப்பாளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "மோட்டார்ல குத்தம் இல்ல தம்பி. மாண்டலேக்குப் போயிட்டு வந்து எறங்குனா இடுப்புல ஒரு நோவு இருக்காது. குத்தம் அது நீளத்துல. முன்னெல்லாம் தெருவுல நாலு பேரு திரும்பிப் பாத்தா பெருமையா இருக்கும். இப்ப யாராச்சும் பாத்தா வயித்தக் கலக்குது. எந்தச் சோதனைச் சாவடியிலயும் நிறுத்துறாங்க. யாரு மோட்டாரு, உள்ள யாருன்னு கேக்குறாங்க. ஒரு நா சீருடைக்காரரு ஒருத்தரு, நல்ல வண்டியாச்சே, எங்களுக்கு வேணும்னா கேக்குறோம்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அன்னைக்கு மூடுனதுதான்."

"வந்து கேட்டாங்களா?"

"கேக்கல. கேட்டா இல்லேன்னு சொல்ல ஏலாதுல்ல. அந்தம்மாவ வச்சு ஒரு தடவ ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் பாருங்க. புடிச்சா பேசுவோம். நான் கூட வரல."

வெளியே வந்ததும் அண்ணனிடம் சொன்னேன், கார் நல்ல கார், ஆனால் வாங்காதீர்கள் என்று. அவர் படகுத்துறையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப கமலா காலு என்னாவறது?" என்றார்.

அன்று மதியம் தன்லினுக்குப் போனோம். அண்ணி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு மடித்து வைத்திருந்தது. ஓரமெல்லாம் நூல் பிரிந்து பல் தடம் விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழுகையை மறைக்க, பானை மேடைக் கதையை எடுத்துவிட்டேன். ரைட் என்ற இடம் வந்ததும் அண்ணி சிரிக்க ஆரம்பித்து, "சிரிப்புக் காட்டாதீங்க தம்பி, வலிக்குது" என்று முதுகைப் பிடித்துக்கொண்டார். அவர் விழுந்ததிலிருந்து இதுதான் முதல் சிரிப்பு என்றார் அண்ணன். "ஒரே ஒரு தடவ அந்த மோட்டார்ல வா" என்று கெஞ்சியதற்கு அண்ணி, "வலிச்சா பாதி வழியில திருப்பிரணும்" என்று மட்டும் சொன்னார்.

கண்ணாடியின் கறுப்புப் படலத்தை உரிக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். உள்ளே யார் என்று தெரியாத கார்தான் சந்தேகத்தைக் கிளப்பும், படுத்திருக்கும் நோயாளி வெளியிலிருந்தே தெரியட்டும் என்று சொன்னேன். காசிம் நானா தடுக்கவில்லை. சுடுதண்ணீரும் பிளேடுமாக அடுத்த நாள் முழுக்க அதிலேயே போயிற்று.

அதற்கு மறுநாள் கிளம்பினோம். அமெரிக்கக் காருக்கு இடது பக்கம் ஸ்டீயரிங். சட்டப்படி அந்தச் சாலைக்கு அதுதான் பொருத்தம். ஓட்டுகிறவருக்கே எதிர்ப்பக்கம் நன்றாகத் தெரியும், யாரும் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வாழ்நாளெல்லாம் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டிய அண்ணனுக்கு எல்லாம் தலைகீழாகிவிட்டது. எனக்கு அங்கே லைசென்ஸ் இல்லாததால் அவர்தான் ஓட்டியாக வேண்டும். கியர் என்று நினைத்துக் கதவுப் பிடியை இழுத்தார். ஜப்பான் காரில் இண்டிகேட்டர் இருக்கும் பக்கம் இதில் வைப்பர். ஒவ்வொரு திருப்பத்திலும் காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கறகறவென்று தேய்த்தது. வெறும் காராகத் தன்லினுக்குப் போகும்போது பாலத்துச் சாவடியில் யாரும் கண்டுகொள்ளவில்லை. திரும்பி வரும்போது, அண்ணி பின்னால் படுத்திருக்க, கை காட்டி நிறுத்தினார்கள்.

அண்ணன் ஓரம்கட்ட இண்டிகேட்டர் போட்டார். வைப்பர் ஓட ஆரம்பித்தது. நல்ல வெயில். துப்பாக்கி தொங்கவிட்டிருந்த ஒருவன் அந்த வைப்பரையே பார்த்துக்கொண்டு வந்தான். அண்ணனுக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. எதையோ திருக, வேகம் கூடியது.

யாருடைய கார் என்று கேட்டான். அண்ணன் காசிம் நானாவின் பெயரைச் சொன்னார், தன் குரல் போலவே இல்லாத ஒரு குரலில். என் பாஸ்போர்ட்டை வாங்கி, பக்கம் பக்கமாகத் திருப்பினான். காலிப் பக்கங்களையும் விடவில்லை. இன்னொருவன் பின்கதவைத் திறந்து அண்ணியை எழுந்திருக்கச் சொன்னான். அண்ணி படுத்தபடியே பர்மிய மொழியில் ஏதோ சொன்னார். முதுகு உடைந்திருக்கிறது, எழுந்தால் திரும்பப் படுக்க வைக்க நீதான் வரவேண்டும் என்று சொன்னாராம், பிறகு அண்ணன் சொல்லித் தெரிந்தது. அவன் சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தான். சீட்டு அமுங்கி எழுந்தது. இன்னொரு முறை அமுக்கினான். டிக்கியைத் திறக்கச் சொன்னான். அதில் ஒரு வாக்கரும் சாப்பாட்டுத் தூக்கும் இருந்தன. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "யாடே" என்றான்.

பாலத்தின் பாதியில்தான் அண்ணன் வைப்பரை நிறுத்தும் வழியைக் கண்டுபிடித்தார். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

டாக்டர் அண்ணியின் காலைத் தட்டி, குத்தி, மடக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் கெட்டுப்போகவில்லை என்றார். மருந்தோடு வாரம் ஒருமுறை இங்கே வந்து பயிற்சி செய்ய வேண்டும், மழைக்காலம் முடிவதற்குள் நடந்துவிடலாம் என்றார். ஒரு வாரம்கூடத் தவறக் கூடாது என்றும் சொன்னார். நல்ல செய்திதான். அதைக் கேட்டுவிட்டு அண்ணன் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும்போது பாலத்துக்கு முன்னால், சாவடி கண்ணில் படும் இடத்தில், மரநிழலில் காரை நிறுத்திவிட்டார். என்ஜினையும் அணைத்தார்.

"என்னால ஏலாது தம்பி" என்றார் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே. "காலையில யாரு மோட்டாருன்னான். நானா பேரச் சொல்லித் தப்பிச்சேன். வாங்கிட்டா வாரா வாரம் என் பேரச் சொல்லணும். அவன் அதக் கேட்டு வச்சிருப்பான். நீ சொன்னதுதான் சரி. இத இங்கயே விட்டுட்டு டாக்ஸி புடிப்போம்."

நான்தான் முதலில் வேண்டாம் என்று சொன்னவன். ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தபோது பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தட்டியது. அண்ணி மல்லாந்து படுத்தபடியே அந்தத் துண்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

"தொட்டுப் பாருங்க தம்பி."

வாங்கினேன். காலையில் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. காய்ந்து மொடமொடவென்று இருந்தது.

"காலையில அவன் கதவத் தொறந்தப்ப எனக்கும் ஒதறுச்சு" என்றார் அண்ணி. "அப்பக்கூட அத வாயில வைக்கத் தோணல. வலிச்சாத்தானே வைக்க. அவரு பேர நான் சொல்ல முடியாது, என் பேரச் சொல்லட்டும். கமலா மோட்டாருன்னு சொல்லச் சொல்லுங்க."

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. முன்கண்ணாடி வழியாகச் சாவடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே துப்பாக்கிக்காரன் ஒருவன் எங்கள் காரைப் பார்த்துவிட்டு நிழலிலிருந்து வெயிலுக்கு வந்தான். துண்டை மடியில் வைத்துக்கொண்டு இறுக்கிப் பிடித்தேன்.

பின் சீட்டிலிருந்து அண்ணி சொன்னார், "போலாம், ரைட்."

அண்ணன் சாவியைத் திருகினார். வைப்பர் ஒருமுறை கறகறத்து நின்றது. இந்தத் தடவை அவர் வலது பக்கம் ஒடிக்கவில்லை, நேராகப் போனார்.